பாட்டு ஒரு வீட்டில், படம் ஒரு வீட்டில்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரலாம். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடத்தில் ஆலைகள் எழும்ப எழும்ப, இந்தத் தடத்தின் பேச்சும் மாறியது. லைன் வீடுகளில் தமிழ்க் குடும்பத்துக்கு அடுத்த கதவில் ஒடியாவோ இந்தியோ வங்காளமோ கேட்கிறது. பெரியவர்கள் வேலைக்குத் தேவையான நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அது போதாது. வாசலில் விளையாட ஆள் வேண்டும். அந்த வயதில் பொருள் புரிவதற்கு முன்பே ஓசை ஒட்டிக்கொள்கிறது. அன்பையும் நட்பையும் சந்தத்தோடும் படத்தோடும் சொல்லும் புத்தகத்துக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. அப்படிப்பட்ட புத்தகங்கள் தமிழில் எந்த நிலையில் இருக்கின்றன?

பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1915இல் வந்த பாரதியின் ‘பாப்பா பாட்டு’ காக்கை, பசு, நாய் எல்லாவற்றையும் குழந்தையின் உறவு வட்டத்துக்குள் கொண்டுவந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவர் என்று அந்த வரிசை நீண்டது. புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டில் கூழும் கொழுக்கட்டையும் தோழர்கள் கூடிக் கொண்டாடும் விருந்தாகின்றன. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944இல் வெளிவந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக அவரே முன்நின்றார். ஆனால் இவை பாட்டுத் தொகுப்புகள். ஒரு பாட்டுக்கு ஒரு படம், அதுவும் ஓரத்தில் துணையாக. படமே கதையின் பாதியைச் சொல்லும் நூலாக அவை அமையவில்லை.

அமைந்திருக்கலாம் என்பதற்குக் கவிமணியின் ‘பசுவும் கன்றும்’ பாட்டே சாட்சி. ஒரு செய்தி பசுவைப் பற்றி, அடுத்தது கன்றைப் பற்றி என்று மாறிமாறிப் போகும் எளிய கட்டு. பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது. தாய் குரல் கொடுக்கிறது, பிள்ளை ஓடுகிறது. தாய் நக்கிக் கொடுக்கிறது, பிள்ளை பால் குடிக்கிறது. பாட்டு நகர நகர இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்துகொண்டே வருகிறது. இடப்பக்கம் பசுவையும் வலப்பக்கம் கன்றையும் வரைந்து, கடைசி விரிப்பில் இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்தால் போதும். ‘அன்பு’ என்ற சொல் இல்லாமலே அன்பைச் சொல்லிவிடும் படநூல் அது. தலைமுறைகள் அதைப் பாடப்புத்தகத்தில் ஒரே பக்கத்தில் படித்து, ஒப்பித்து, கடந்துவிட்டன.

உள்ளடக்கத்திலும் ஒரு சாய்வு தெரிகிறது. நம் குழந்தைப் பாட்டில் அன்பு பெரும்பாலும் மேலிருந்து கீழே வருகிறது: தாய் பிள்ளைக்குக் காட்டுவது, அல்லது பெரியவர் ‘அன்பாயிரு’ என்று சொல்லித்தருவது. சமவயதுக்காரர்களின் நட்பு, அதிலுள்ள பொறாமை, கோபம், ஏக்கம் ஆகியவற்றுக்கு இடம் குறைவு. அங்கன்வாடி வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் விரலைக் காட்டிக் ‘காய்’ விடுவதையும், மிட்டாய் பங்கு பிரிந்ததும் ‘பழம்’ விடுவதையும் பார்க்கலாம். பிரிவதற்கும் சேர்வதற்கும் பிள்ளைகளே வைத்திருக்கும் சடங்கு அது. ஒரு முழுப் படநூலுக்கு வேண்டிய தொடக்கமும் திருப்பமும் முடிவும் அதில் இருக்கின்றன.

படநூல் வேறு வீட்டில் வளர்ந்தது. நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957இல் தொடங்கின. சென்னையில் 1994இல் தாரா, 1996இல் தூலிகா; 2004இல் பிரதம் புக்ஸ் என்று பதிப்பகங்கள் தொடர்ந்தன. நட்பைப் பற்றிய நல்ல கதைகள் இங்கேதான் வந்தன. தூலிகா வெளியிட்ட, ஜாய் விட்டேக்கர் எழுதிய காளி என்ற இருளர் சிறுவனின் கதை ஓர் உதாரணம். அப்பா பாம்பு பிடிப்பவர் என்பதாலும், தான் கரையான் வறுவல் சாப்பிடுவதாலும் வகுப்பில் ஒட்டாமல் நிற்கும் பையன், வகுப்பறைக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்த நாளில் எல்லோருக்கும் வேண்டியவனாகிறான். சிங்கப்பெருமாள் கோவில் இருக்கும், இருளர்கள் வாழும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நெருக்கமான கதை. ஆனால் உரைநடை.

ஏன் உரைநடை? பல மொழிகளில் ஒரே நேரத்தில் வெளியிடும் பதிப்பகங்களுக்கு மூலம் பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. படமும் பக்க அமைப்பும் முடிவான பிறகே தமிழ் வந்து சேர்கிறது. சந்தம் அந்தப் பயணத்தைத் தாங்காது. ஆங்கிலப் பாட்டின் ஓசை அடியின் கடைசியில் விழுகிறது. தமிழில் அடியின் கடைசியில் வினைமுற்று வந்து உட்காரும். வந்தது, போனது, நின்றது என்று இயைபு தானாக அமைந்துவிடுவதால் அதில் வியப்பு இல்லை. நாலு அடியில் சலித்துவிடும். தமிழ்க் காது எதிர்பார்ப்பது அடியின் தலையில் வரும் எதுகையையும் மோனையையும். மூலத்தை அடிக்கு அடி பெயர்ப்பவரால் அந்த இடத்துக்கு வந்து சேரவே முடிவதில்லை.

படநூலுக்கு எதுகை ஒரு வரம் என்பதுதான் இதில் வேடிக்கை. ஒரு பக்கத்தில் ‘பந்து போச்சு வேலிக்கப்பால்’ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தைத் திருப்பியதும் ‘வந்து தந்தான் பக்கத்துப் பையன்’. திருப்பிய கணத்தில் முதலில் காதில் விழுவது எதுகை. கண்ணில் விழுவது அந்தப் பையன் யார் என்ற விடை. ஆங்கிலத்தில் ஓசைக்காக அடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். தமிழில் தாள் திரும்பும்போதே ஓசையும் திரும்புகிறது. தமிழ் தெரியாத ஒடியாப் பிள்ளைகூட பந்து, வந்து, தந்தான் என்ற அடுக்கைப் பிடித்துக்கொண்டு படத்தைத் தொடரும்.

பாட்டும் படமும் ஒன்றாகப் பிறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வங்காளத்தில் சுகுமார் ராய் இருக்கிறார். 1923இல் வந்த ‘ஆபோல் தாபோல்’ நூலில் கவிதையும் சித்திரமும் ஒரே கையிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 1957இல் வெறும் 236 வெவ்வேறு சொற்களைக் கொண்டு தொப்பிப் பூனையின் கதையை முழுக்கச் சந்தத்தில் எழுதி, படத்தையும் தானே வரைந்தார். இரண்டிலும் மொழி முதலில் வந்தது, அல்லது கோட்டோடு சேர்ந்தே வந்தது.

புத்தகம் போய்ச் சேரும் வழிக்குத் தமிழ்நாட்டில் குறையில்லை. அங்கன்வாடிகளில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் புத்தகம் தருகிறது. 2015 முதல் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படங்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன; யாரும் எடுத்துப் புதுப் பாட்டு எழுதலாம். ஒரே படத்தொகுதிக்குத் தமிழ்க் கவிஞர் தமிழ்ச் சந்தத்திலும் ஒடியாக் கவிஞர் ஒடியாச் சந்தத்திலும் தனித்தனியாக எழுதி, இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிடலாம். இன்று சந்தையில் உள்ள இருமொழிப் படநூல்கள் பெரும்பாலும் ஓர் இந்திய மொழியை ஆங்கிலத்தோடுதான் சேர்க்கின்றன. ஒரகடத்து லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவுகளில் பேசப்படும் இரண்டு மொழிகளை அல்ல.

இதற்குப் பணத்தைவிட முக்கியமானது ஒப்பந்தம். இப்படிப் பாட்டெழுதுபவரை மொழிபெயர்ப்பாளராகக் கணக்கிட்டுச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், எட்டடிப் பாட்டுக்குக் கிடைப்பது டீச்செலவுக்குக் காணாது. பதிப்பகங்கள் அவருக்கு ஆசிரியருக்குரிய பெயரும் உரிமைத்தொகையும் கொடுக்கட்டும். ஓவியரோடு முதல் நாளிலிருந்தே உட்கார வைக்கட்டும். எட்டடிக்கு ஒரு மாதம் உழைக்கும் கவிஞர்கள் தமிழில் இருக்கிறார்கள்.