குருவம்மாள்: தொடர் நாடகத்தில் ஒரு மனமாற்றம்

தொடர் நாடகங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என ஐயுறும் அன்பர்கள் நம்மிடையே உளர். பொழுதுபோக்குக்கு ஆராய்ச்சி எதற்கு என்பது அவர்தம் வினா. சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் நாள் முழுதும் காய் எடுத்துவிட்டு வீடு திரும்பும் நம் குடும்பங்கள், நூல்களில் வரும் மாந்தரைவிடத் திரையில் காணும் மாந்தரோடுதான் மிகுதியான நேரம் பழகுகின்றன. முன்பு கூடத்துத் தொலைக்காட்சியின் முன் குடும்பமே அமர்ந்து பார்த்தது. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் தனித்தனியே பார்க்கின்றனர். அப்படி நம் வீட்டுக்குள் வந்து பழகுவோர் எத்தகையோர் எனக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

நெடிய கதைக்கென ஒரு தனி வசதி உண்டு. ஒருவர் உள்ளம் மாறுவதைப் படிப்படியாகக் காட்ட அதற்கு இடம் இருக்கிறது. கம்பர் இதனை நன்கறிந்தவர். இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தி கேட்டுக் கைகேயி முதலில் மகிழ்கிறாள். செய்தி சொன்ன மந்தரைக்கு மாலை பரிசளிக்கிறாள். அந்த உள்ளம் கல்லாக மாறுமுன் மந்தரை எத்தனை வகையாகப் பேச வேண்டியிருக்கிறது! கம்பர் அவ்விடத்தில் விரைந்து செல்லவில்லை. அவர் விரைந்திருந்தால் கைகேயி வெறுங்கொடியவளாக நின்றிருப்பாள். அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை வந்த 'பிரேக்கிங் பேட்' தொடரில், வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைப்பொருள் வணிகராகத் தேய்ந்து மாறுவதை உலகம் ஐந்து பருவங்கள் பொறுமையோடு கண்டதும் இக்கலையின் பயனே.

நீளம் மட்டுமே போதுமோ எனில், போதாது. 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி' எண்ணூறு பகுதிகளைக் கடந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்னும் தந்தையை இன்றும் நாம் மறக்கவில்லை. ஆனால் அதனைப் பின்பற்றி வந்த பல தொடர்களில் நீளம் இருந்தது, மனிதர் இல்லை. அழுகை முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே ஆயிரமாவது நாளும் இருந்தது.

இணையவழி வந்த புதிய தொடர்கள் இக்குறையை நீக்கும் என எதிர்பார்த்தோம். புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' 2022இல் வந்தது. தொழிற்சாலைத் தீ, காணாமற்போன பெண், மயானக் கொள்ளைத் திருவிழா என எட்டுப் பகுதிகளும் இருக்கையை விட்டு எழவிடாதவை. எனினும் பகுதிதோறும் ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவுகிறது. ஐயக் கண்கொண்டு பார்க்கப்படும் பாத்திரம் தன்னை மறைத்தே நிற்க வேண்டும். அது வளர்வது அரிது. காவல் அதிகாரியாகவும் தாயாகவும் ஒருசேர நிற்கும் ரெஜினாவும், தங்கையைத் தேடும் நந்தினியும் இதற்கு விலக்கு. அதே ஆண்டில் வந்த 'வதந்தி' இக்குறையையே கருப்பொருளாக்கிக்கொண்டது. கொலையுண்ட வெலோனியைப் பிறர் நாவழியாகவே அறிகிறோம். ஒவ்வொருவரும் தத்தம் ஆசைக்கும் அச்சத்துக்கும் ஏற்ப ஒரு வெலோனியைப் படைத்துக்கொள்கின்றனர். அது நல்ல சிந்தனை. ஆயினும் இவ்விரண்டிலும் நம்மை இழுத்துச் செல்வது 'யார் செய்தது?' என்னும் வினாவே.

'அயலி' அவ்வினாவைக் கேட்கவில்லை. முத்துக்குமார் இயக்கி 2023 சனவரியில் ஜீ ஃபைவ் தளத்தில் வெளிவந்த இத்தொடரும் எட்டுப் பகுதிகள் கொண்டதே. கதைக் களம் புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை, காலம் 1990. பூப்பெய்திய பெண் பள்ளி செல்லலாகாது, விரைவில் மணம் முடித்துவிட வேண்டும், தவறினால் அயலித் தெய்வம் சினங்கொள்ளும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி, தான் பூப்பெய்தியதை மறைத்துவிடுகிறாள். மறைபொருள் நமக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், நம் கவனம் மனிதர் மீது செல்கிறது.

பலரும் தமிழ்ச்செல்வியையே புகழ்கின்றனர். அபி நட்சத்திராவின் நடிப்பு அப்புகழுக்குத் தக்கதே. ஆனால் நம் கருத்தில் இத்தொடரின் உயிர் அவள் தாய் குருவம்மாள்தான். மகள் தொடக்கத்திலேயே துணிந்தவள். அவளுக்கு வேண்டியது வழி மட்டுமே. தாயோ ஊர் சொல்வதை உண்மையாகவே நம்புபவள். மகளின் மறைவு வெளிப்பட்டபோது அவள் தெய்வத்துக்கு அஞ்சுகிறாள், கணவனுக்கு அஞ்சுகிறாள், அவற்றினும் மேலாக மகளுக்கு அஞ்சுகிறாள். அவ்வச்சம் ஒரே நாளில் நீங்குவதில்லை. அஞ்சிக்கொண்டே மகளின் பொய்யைத் தானும் சேர்ந்து சுமக்கத் தொடங்குகிறாள். அனுமோள் இதனைப் பெரிய வசனங்களால் அன்றி, ஒடுங்கிய தோளாலும் சுற்றுமுற்றும் பார்க்கும் கண்ணாலும் காட்டுகிறார். கைகேயி அன்பிலிருந்து கடுமைக்குச் சென்ற வழியில், இவள் அச்சத்திலிருந்து அன்புக்கு வருகிறாள் எனலாம்.

இவ்விடத்தில்தான் இத்தொடர் நம் முற்றத்துக்குள் வந்துவிடுகிறது. கம்பமெட்டும் குமுளியும் கடந்து இம்மலைக்கு வந்த நம் குடும்பங்களில், பாதிப் படிப்போடு நின்று தோட்டத்துக்குச் சென்ற தாய்மார் எத்தனை பேர்! இன்று நம் பெண்மக்கள் பள்ளியும் கல்லூரியும் செல்கின்றனர். வீரப்பண்ணைக் கட்டுப்பாடு இங்கில்லை. ஆனால் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பதாகை கட்டி, தாய்மாமன் சீருக்கும் விருந்துக்கும் கடன் பட்டு, அச்சிறுமியைப் பல நாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருத்தும் வீடுகள் உண்டு. ஊருக்கெல்லாம் அறிவிக்கப்படுவதில் அச்சிறுமிக்கு விருப்பமா என யாரும் கேட்பதில்லை. தமிழ்ச்செல்வி மறைத்தது எதை, நாம் ஒலிபெருக்கி வைத்து அறிவிப்பது எதை எனத் தாய்மார் இத்தொடரை மகளோடு ஒன்றாக அமர்ந்து பார்க்கும்போது உணர்வர். மகள் மட்டும் தனியே கைப்பேசியில் பார்த்தால் அப்பயன் பாதியாகிவிடும்.

நம் மலையைத் திரையில் நேர்மையாகக் காட்டிய படம் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). ஒரு துண்டு நிலத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைக்கும் ரங்கசாமி நம்முள் ஒருவன். ஆனால் அவன் மனைவி ஈஸ்வரியின் உள்ளத்துக்குள் நெடுநேரம் நுழைய ஒரு திரைப்படத்தின் கால அளவு இடந்தரவில்லை. குருவம்மாளுக்குக் கிடைத்த எட்டுப் பகுதிகள் ஈஸ்வரிக்குக் கிடைத்திருந்தால் எனப் பெருமூச்சு விடுகிறோம்.

'அயலி'யிலும் குறை இல்லாமல் இல்லை. எதிர்நிற்போர் சிலர் ஒற்றை நிறத்தில் தீட்டப்பட்டுள்ளனர். அதனினும் பெரிய குறையாக நாம் கருதுவது தந்தை தவசியைப் பற்றியது. அவன் அன்பில்லாத தந்தை அல்லன்; ஊரார் முன் தலைகுனிய அஞ்சுபவன். நம் தோட்டத்துத் தந்தையர் பலரின் முகச்சாயல் அவனிடம் உண்டு. தாய்க்கு அளித்த பொறுமையை இயக்குநர் அவனுக்கு அளிக்காமல், அவன் உள்ளப் போராட்டத்தைத் தொட்டுக் காட்டியதோடு நகர்ந்துவிடுகிறார். தவசிக்காக இன்னும் இரண்டு பகுதிகள் எடுத்துக்கொண்டிருந்தாலும் நாம் மகிழ்ந்தே பார்த்திருப்போம்.