யோபின் பிள்ளைகள்

யோபின் புத்தகத்தை விசுவாசியாகப் படித்தவனல்ல நான். இலக்கியமாக மட்டும் படித்தேன் என்றால் அதிலும் கொஞ்சம் பொய் இருக்கிறது. ஒரு சாவு வீட்டில், நாலு வயதுப் பையனைப் பறிகொடுத்தவளிடம், 'அழாதே தாயீ, வயசிருக்கு, இன்னொண்ணு பொறக்கும்' என்றார் ஒரு பெரியவர். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்றிரவு நான் தேடியெடுத்தது யோபின் கடைசி அதிகாரத்தை.

அங்கே கணக்கு சுத்தமாக இருக்கிறது. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன; 3,000 ஒட்டகங்கள் 6,000. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பதில்லை. முன்போலவே 7 மகன்கள், 3 மகள்கள். செத்தவர்கள் மறுமையில் இருக்கிறார்கள், சேர்த்து எண்ணினால் இரட்டிப்புதான் என்று பழைய வியாக்கியானம் ஒன்று உண்டு. எனக்கு அது அந்தப் பெரியவரின் குரலாகவே கேட்டது. புதிய பெண்கள் மூவருக்கும் பெயர் உண்டு: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். காற்றில் வீடு விழுந்து செத்த பத்துப் பேருக்கும் பெயரில்லை. பெற்றவள் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு வாக்கியம் பேசிவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு போனவள்தான். கடைசியில் அவளைக் காணவே காணோம்.

இந்த முடிவு உரைநடை. முதல் 2 அதிகாரங்களும் அப்படியே. நடுவிலிருப்பது ஏறக்குறைய முழுவதும் கவிதை. உரைநடையின் யோபு பொறுமைசாலி. பிரசங்கங்களுக்கு அவன் போதும். கவிதையின் யோபு பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். நண்பர்கள் மூவர் 7 நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான். வாய் திறந்ததும் காரணம் தேடத் தொடங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பதோ, தன் கட்சி பேசிய இவர்களைத்தான்; யோபு பேசியதே சரி என்கிறார். 'சாப விமோசன'த்தில் (1943) அகலிகையை மறுபடி கல்லாக்கப் புதுமைப்பித்தன் ராமாயணத்துக்கு வெளியே வந்து நிற்க வேண்டியிருந்தது. இங்கே அந்த எதிர்க்குரல் நூலுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் சூறாவளியிலிருந்து வரும் பதில்? நட்சத்திரங்கள், தீக்குருவி, போர்க்குதிரை, லிவியாதான். கவிதையாக மகத்தானது, சந்தேகமில்லை. செத்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. போதாததற்கு, வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா என்று வேறு கேள்வி, பத்துப் பிள்ளைகளை வாரிக் கொடுத்தவனிடம். இதைத் தரிசனம் என்பவர்களோடு என்னால் முழுக்கச் சேர முடியவில்லை.

அதற்கு யோபு சொல்லும் மறுமொழியில், நம்மிடம் புழங்கும் 1871ஆம் வருஷத்து மொழிபெயர்ப்பின்படி, அவன் தன்னையே அருவருக்கிறான். மூல எபிரேயத்தில் அந்த வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. அவன் உதறுவது தன்னையா, தன் வழக்கையா? அடுத்த வினைக்கு வருந்துதல் என்றும், ஆறுதலடைதல் என்றும் பொருள்கொள்ள இடமிருக்கிறது. தமிழ் அந்தப் பள்ளத்தைத் தூர்த்து, அவனைப் பணிய வைத்துவிட்டது. 'என்னை' என்ற அந்தச் சொல்லைத் தாண்டித்தான் இப்போதெல்லாம் படிக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு குழந்தை பிறந்தது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், இரண்டு என்கிறாள். வியாக்கியானம் எழுதியவனும் அப்படித்தான் எண்ணினான். அவனை நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளியிருக்கக் கூடாதோ என்னவோ.