ஓடுகிறவளின் சோறு

நற்றிணையின் 110ஆம் பாடலில் ஒரு சிறுமி ஓடுகிறாள். போதனார் பாடியது. ஒரு கையில் தேன் கலந்த பால் நிறைந்த பொற்கிண்ணம், மறுகையில் மிரட்டுவதற்கு ஒரு கோல் என்று நரைத்த தலைச் செவிலியர் துரத்துகிறார்கள். சிலம்பு ஒலிக்க அவள் பந்தலுக்குள் பாய்ந்து ஓட, கிழவிகள் முடியாமல் நின்றுவிடுகிறார்கள். அதே பெண் மணமாகிப் போன வீட்டில் வறுமை வருகிறது. அப்பா வீட்டுச் சோற்றை அவள் நினைத்தும் பார்ப்பதில்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று பிறந்த வீடு வியக்கிறது.

எனக்கு இதைப் பாடம் சொன்னவர்கள் இல்லறப் பண்பின் உச்சம் என்று சொன்னார்கள். அழகான பாடல்தான். ஆனால் பாடலின் நடுவில் ஓட்டம் காணாமற்போகிறது. ஓடுகிறவள் உண்ண மறுத்தால் அது குறும்பு. ஓட்டம் நின்றுபோனவள் உண்ணாமல் இருந்தால் அது அறிவு. அந்தப் பட்டினிக்குப் பாடல் தரும் பெயர் வலிமை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியை வழிக்கும் நம் அம்மாக்களுக்கு இந்த வலிமை எவ்வளவு என்பது தெரியும்.

தமிழ்க் கவிதையில் பெண்ணின் மெலிவு எப்போதும் வேறு யாரோ படிப்பதற்கான செய்தி. வளை நெகிழ்ந்தால் தலைவன் பிரிந்திருக்கிறான் என்று பொருள். தோழி படிப்பாள், செவிலி படிப்பாள், அலர் தூற்றும் ஊரும் படிக்கும். எடைக்கருவி இல்லாத காலத்தில் வளையல்தான் எடைக்கருவி. அதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் அவளுக்கு வெளியே இருக்கிறார்கள். இந்த மரபில் தன் தசையைத் தானே கணக்கெடுத்த ஒருவர் காரைக்கால் அம்மையார். கணவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று அதை உதறுகிறார். பிறகு தலையாலேயே நடந்து கயிலைக்குப் போகிறார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். மெலிவும் நெடுந்தூரமும் ஒரு பெண்ணின் விருப்பமாகவே சேர்ந்து நிற்கும் இடம் அது. அதற்கு அவர் பேயுருக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

இரண்டாயிரம் ஆண்டுத் தூரத்தை நான் தாண்டுவதற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியில் நாற்பதைக் கடந்த ஒரு பெண் விடியற்காலையில் ஷூ போட்டு ஓடத் தொடங்கினால் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எவ்வளவு தூரம் என்பதல்ல. எத்தனை கிலோ குறைந்தது என்பதுதான். கச்சிராயபாளையம் சாலையில் கோமுகி அணை பக்கம் நான் பதினாறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கேள்விதான், காய்ச்சலில் படுத்து எழுந்த திங்கட்கிழமையும் அதே கேள்விதான். காய்ச்சலுக்குப் பிறகு கிடைத்த பாராட்டு கொஞ்சம் அதிகம் என்றே சொல்லலாம்.

மருத்துவர் என்னிடம் எட்டுக் கிலோ குறைக்கச் சொன்னது உண்மை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எடைகுறைப்பு என்பதே ஆணாதிக்கச் சதி என்று எழுதுவது எளிது. எனக்கு அது உதவாது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில் இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். இரண்டு எண்களையும் கூட்டினால் நூறுக்குச் சற்றுக் குறைவு. வேறு வேறு பெண்களைப் பற்றிய எண்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எடை கூடியும் இரத்தம் குறைந்தும் இருக்கும் ஒரே பெண்ணை நம் தெருவிலேயே பார்க்கலாம். அவளிடம் போய் “சாப்பாட்டைக் குறை, ஓடு” என்று சொல்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ள பெண் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானை முடிக்கும்போது சுமார் 1,370 கலோரி எரிந்திருக்கும். எடைகுறைப்பு நிலையங்கள் நீட்டும் அட்டவணைகளில் பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் எழுதியிருப்பது பெரும்பாலும் 1,200. ஓடியதற்கே போதாத இந்தச் சோற்றில் இதயம் துடிக்க வேண்டும், முட்டி தேய்ந்த இடம் ஆற வேண்டும், மாதவிலக்கு வர வேண்டும், பிறகு வீட்டுவேலையும் நடக்க வேண்டும். பற்றாக்குறை வந்தால் உடல் முதலில் நிறுத்துவது அன்றாடம் உயிர்வாழத் தேவைப்படாததை. மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு அடர்த்தி இறங்கும். தாடையெலும்பா காலெலும்பா என்று குழம்ப வேண்டாம். ஓடுகிறவளுக்குக் கணுக்கால் முதல் முழங்கால் வரையிலும் பாதத்திலும்தான் பெரும்பாலும் மயிரிழை முறிவு வரும். இதற்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. விளையாடுகிறவருக்கு அவர் செலவிடும் அளவுக்கு ஆற்றல் கிடைக்காத நிலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கும் வரும். ஆண்களிடம் மாதந்தோறும் மணியடித்துச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது வேறு.

மேரி கெயின் என்ற அமெரிக்கப் பெண் 2013இல் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டிக்குத் தன் நாட்டு அணியில் இடம்பிடித்தபோது அவளுக்கு வயது 17. அந்த ஆண்டே நைக்கி நிறுவனத்தின் ஓரிகான் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தாள். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட காணொளியில் அவள் சொன்னவை: எடை குறைந்துகொண்டே போக வேண்டும் என்றார்கள்; சக வீரர்கள் முன்னால் எடை பார்த்தார்கள்; மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு வரவில்லை; ஐந்து எலும்புகள் முறிந்தன. உலகத்தின் விலையுயர்ந்த பயிற்சிக்கூடத்தில் நடந்தது இது. அங்கே உணவியல் வல்லுநர் இல்லாமலா போனார் என்று கேட்கிறோம். பயிற்சியாளர்கள் எல்லாம் ஆண்கள் என்று அவள் அதே காணொளியில் சுட்டிக்காட்டினாள்.

பெண்ணின் ஓட்டத்தைப் பார்க்காமல் உடலைப் பார்க்கும் பழக்கத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் பெரிதாக்கின. 1960 வரை அந்தத் தூரம் பெண்களுக்குத் திருப்பித் தரப்படவில்லை. ஆண்கள் 1896 முதல் ஓடிய மாரத்தான் பெண்களுக்கு 1984இல்தான் கிடைத்தது. நம் புதுக்கோட்டைச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஓடிய நேரம் மாறவில்லை. அளந்த கருவி மட்டும் கடிகாரத்திலிருந்து உடலுக்கு மாறிவிட்டது.

தமிழ் சினிமாவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் மாணவிகள் விளையாட்டைப் பற்றிப் பேசும் மொழி அங்கிருந்துதான் வருகிறது. அட்லீயின் ‘பிகில்’ 2019 தீபாவளிக்கு வந்தது. பெண்கள் கால்பந்து அணி, உச்ச நட்சத்திரம் பயிற்சியாளர், திரையரங்கில் பெண்களின் விசில். எல்லாம் மகிழ்ச்சியே. ஆனால் இறுதிப் போட்டியில் பாண்டியம்மா என்ற பெண்ணை விளையாட வைக்கப் பயிற்சியாளர் கண்டுபிடிக்கும் வழி அவள் உருவத்தைச் சொல்லிக் குத்துவது. அவமானத்தில் கொதித்து அவள் நன்றாக ஆடுகிறாள். படம் அதை உத்தி என்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்ணின் முகத்தைப் பற்றி அத்தனை மென்மையாகப் பேசத் தெரிந்த படத்துக்குப் பருத்த உடல் மட்டும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. அந்தக் காட்சிக்குக் கண்டனம் வந்தது. ஆனால் அதை ஒரு நகைச்சுவைப் பிழை என்று கடந்தவர்களே அதிகம். எனக்கு அது பயிற்சி முறை பற்றிய வாக்குமூலம். மைதானங்களில் உண்மையிலேயே அப்படித்தான் பேசுகிறார்கள்.

2015இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’யின் நோக்கம் இதற்கு நேரெதிர். திடீர் எடைகுறைப்பு நிலையத்தை வில்லனாக்கிய படம். அங்கே போன தோழி நோயில் விழுகிறாள். அனுஷ்கா அந்த வேடத்துக்காக எடை கூட்டி நடித்தார். இடுப்பை வைத்துப் பெண்ணை அளக்காதே என்று சொல்ல வந்த படத்துக்கு இடுப்பைப் புகழும் பழைய பாட்டுத் தலைப்பே கிடைத்தது. விளம்பரப் பலகையில் நின்று பார்த்தபோது படத்தின் தோல்வி தலைப்பிலேயே தொடங்கிவிட்டது என்று பட்டது. அதோடு, படம் வந்த மாதங்களில் பத்திரிகைகள் அனுஷ்காவிடம் விடாமல் கேட்டதும் கூட்டிய எடையை எப்படிக் குறைப்பீர்கள் என்பதுதான்.

என் வகுப்பில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் இருந்தாள். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகும் ஊர். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆளுகை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. அவள் பாட்டி கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக மலையிறக்கிய தலைமுறை. அந்தப் பெண்கள் வாழ்நாளில் நடந்த தூரத்துக்கு யாரும் பதக்கம் தரவில்லை, எடையையும் கேட்கவில்லை. இவள் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடினாள். ஏற்றத்தில் வளர்ந்த கால். பயிற்சியாளர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: “ரெண்டு கிலோ இறங்கிட்டா ஒரு நிமிஷம் இறங்கும்.” விடுதியில் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டாள்.

முழங்காலுக்குக் கீழே வலி என்று நொண்டிக்கொண்டு வந்தவளிடம் தனியாகக் கேட்டேன்.

“மாசாமாசம் சரியா வருதா?”

“நாலு மாசமா இல்லீங்கம்மா. நல்லதுதானேம்மா? போட்டி அன்னைக்குத் தொல்லை இல்ல.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“சார்கிட்ட எப்படிம்மா சொல்றது?”

தமிழ்த்துறையில் ஆசிரியைகளை மாணவர்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் அன்றைக்கு ஒரு வேலைக்கு ஆனது. மருத்துவரிடம் போனோம். ஸ்கேனில் காலெலும்பில் மயிரிழை முறிவு தெரிந்தது. ஆறு வாரம் ஓடக் கூடாது, மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை. விடுதியில் மூன்று வேளை சோறு உண்டு. ஆனால் இரவுச் சோறு ஏழரைக்குத் தீர்ந்துவிடும், மாலைப் பயிற்சி முடித்துக் குளித்து வருகிறவளுக்கு ரசமும் அடிச்சோறும் மிஞ்சினால் உண்டு. அவள் நிறுத்தியது பாதி, அவளுக்கு நிறுத்தப்பட்டது பாதி.

இதில் என்னைக் கடுப்பேற்றும் இன்னொன்று சாமை. கல்வராயன் மலைச் சாமை இன்று நகரத்துக் கடைகளில் எடைகுறைக்கும் உணவாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது. என்னைப் போல மாதச் சம்பளம் வாங்கி ஓடுகிறவர்கள் வாங்கிப் போகிறோம். மலையில் சாமையும் தினையும் விளைந்த காடுகளில் பலவற்றில் இப்போது ஆலைக்குப் போகும் மரவள்ளி. அந்தப் பெண்ணின் வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு. “சாமைச்சோறு தின்னா தாங்கும்மா, பாட்டி சொல்லும்” என்றாள். தாங்கும் என்ற சொல்லை அவள் பயன்படுத்திய விதம் எனக்குப் பிடித்தது. வேலைக்குத் தாங்கும் சோறு, மலையேறத் தாங்கும் சோறு. சோற்றுக்கும் தூரத்துக்கும் நேரடியான கணக்கு. அதே தானியம் என் சமையலறைக்கு வரும்போது வயிற்றைக் குறைக்கும் சோறாகிவிட்டது.

எடை குறைக்கவும் வேண்டும், நெடுந்தூரம் ஓடவும் வேண்டும் என்று இரண்டையும் வைத்திருப்பவள் நான். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வாரத்தில் சண்டை போடும். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு வயிறாரச் சாப்பிட்டால்தான் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கண் இருட்டாது. ஓட்டம் குறைவான நாட்களில் சோற்றளவைக் கொஞ்சம் குறைத்து, ஓடும் நாட்களில் குறைக்காமல், ஒன்றரை ஆண்டில் ஐந்து கிலோ இறங்கியது. சர்க்கரை அளவு எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. மீதி மூன்று கிலோவைப் பற்றி மருத்துவர் கேட்பதை நிறுத்திவிட்டார். துறையில் கேட்கிறார்கள்.

பயிற்சியாளரிடம் ஒரு குறிப்பேடு உண்டு. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் நேராக எடை, ஓடிய நேரம், தேதி. அதில் மாதவிலக்குக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. தன் கைக்காசில் பெண்களுக்கு வாழைப்பழமும் முட்டையும் வாங்கித் தருகிறவர். முகம் சிவந்து, “அதெல்லாம் நீங்களே கேட்டுக்குங்க மேடம்” என்றார். எடையைக் கேட்க அவருக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. ஒரு பெண்ணின் உடலில் எது எல்லோரும் கேட்கக்கூடிய எண், எது வாய்விட்டுச் சொல்லக்கூடாத எண் என்பதை யார் பிரித்தார்கள் என்று அந்த இடத்தில் நின்று யோசித்தேன். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அதில் இப்போது ஐந்து பெண்களின் பெயர் இருக்கிறது. எடைக்குக் கட்டம் போடவில்லை. தேதி, ஓடிய தூரம், இரவு என்ன சாப்பிட்டாள், விலக்கு நாள். மலைப்பெண்ணின் பக்கத்தில் ஏழாவது வாரத்திலிருந்து தூரம் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது, இரண்டு கிலோமீட்டர், மூன்று, மூன்று, ஐந்து. விலக்கு நாள் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். விடுதிச் சோற்று நேரத்தை எட்டரை வரை நீட்டச் சொல்லி எழுதிக்கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.