ஜாய்ஸின் பங்காளிகள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ 1922இல் பாரிஸில் வெளிவந்தது. டப்ளினில் ஒரு பகல், ஓர் இரவு. அதற்குள் ஒரு நகரமே அடங்கியிருந்தது. அந்தச் சொத்தை என்ன செய்வது என்பதில் அயர்லாந்து எழுத்தாளர்கள் பங்காளிகளைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். சாமுவேல் பெக்கெட் பிரெஞ்சில் எழுதப் போய்விட்டார். ஃப்ளான் ஓபிரையன் 1939இல் நாவல் என்ற வடிவத்தையே கேலிக்கு இழுத்தார். எட்னா ஓபிரையனும் ஜான் மெக்கஹெர்னும் மல்லுக்கட்டியது தணிக்கையோடு. அவர்களுடைய தொடக்ககால நாவல்கள் தடைசெய்யப்பட்டன, ஆனால் நடை பெரும்பாலும் யதார்த்தவாதத்துக்குள்ளேயே நின்றது.

இந்தப் பாகப்பிரிவினையில் பலர் மறந்துவிடும் பெயர் மார்ட்டீன் ஓ கைன். ஐரிஷ் மொழியில் 1949இல் அவர் எழுதிய நாவலில் இடுகாட்டுக்குள் கிடக்கும் பிணங்கள் ஊர்வம்பு பேசுகின்றன, வேறொன்றும் நடப்பதில்லை. இன்றைய அயர்லாந்து நாவல் ஜாய்ஸிடம் உத்தியை வாங்கிக்கொண்டாலும் கிராமத்தையும் செத்தவர்களையும் வைத்திருப்பதில் இவருக்கே நெருக்கம் என்பது என் எண்ணம்.

மைக் மெக்கார்மக்கின் ‘சோலார் போன்ஸ்’ (2016) நல்ல சான்று. மேயோ மாவட்டத்துப் பொறியாளர் ஒருவர், கல்லறைத் திருநாளன்று தன் வீட்டுச் சமையலறையில் நின்று நினைத்துப் பார்க்கிறார். நாவல் முழுவதிலும் முற்றுப்புள்ளி கிடையாது. இது வித்தை காட்டல் அல்ல. பேசுபவர் இறந்துபோனவர், நிறுத்தினால் இல்லாமல் போய்விடுவார். நனவோடை உத்தி கான்கிரீட் அடித்தளத்தையும் குழாய்த் தண்ணீரில் கலந்த கிருமியையும் இவ்வளவு கரிசனத்தோடு பேசி நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஐமர் மெக்பிரைட் எதிர்த்திசையில் போகிறார். ‘யுலிஸஸ்’ நாவலில் வரும் மாலி ஏறக்குறையப் புள்ளியே இல்லாமல் ஓடுகிறாள். ‘எ கேர்ள் இஸ் எ ஹாஃப்-ஃபார்ம்ட் திங்’ நாவலின் பெண்ணுக்கோ இரண்டு மூன்று சொல்லுக்கொரு புள்ளி. வன்முறைக்கு ஆளான உடம்பிலிருந்து வாக்கியம் முழுசாக வெளிவருவதில்லை. ஒன்பது ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்த அதை 2013இல் நார்விச்சின் சிறு பதிப்பகமொன்று வெளியிட்டது. மறு ஆண்டே பெண் எழுத்தாளர்களுக்கான பெய்லிஸ் பரிசு கிடைத்தது.

ஆனா பர்ன்ஸின் ‘மில்க்மேன்’ (2018, புக்கர் பரிசு) நாவலில் எவருக்கும் ஒழுங்கான பெயரில்லை. பெக்கெட்டிடமும் பெயரின்மை உண்டு, அது இருப்பு பற்றிய கேள்வி. பெல்ஃபாஸ்டை நினைவூட்டும் இந்த ஊரிலோ பெயரைச் சொன்னால் எந்தத் தரப்பு என்று தெரிந்துவிடும். தெரிந்தால் உயிருக்கு ஆபத்து.

பால் லிஞ்சின் ‘ப்ராஃபெட் சாங்’ (2023) பத்தி பிரிக்காமல் எழுதப்பட்டு அதே பரிசைப் பெற்றது. மூச்சுமுட்டல் முதலில் உறைக்கிறது. பாதிக்குமேல் கண் பழகிவிடுகிறது, உள்ளேயிருப்பது சீராகக் கோத்த பழைய பாணிக் கதைதான் என்று தெரிகிறது.

சாலி ரூனியின் ‘இன்டர்மெட்ஸோ’ (2024) இன்னும் சாமர்த்தியம். டப்ளினில் வழக்கறிஞரான அண்ணனுக்கு ஜாய்ஸ் பாணி உடைந்த வாக்கியங்கள், சதுரங்கம் ஆடும் தம்பிக்குத் தெளிந்த உரைநடை. பதிப்பகங்கள் ஒன்பது ஆண்டுகள் தொடத் தயங்கிய நடையின் உறவுக்காரன் இப்போது விமான நிலையக் கடைகளிலும் விற்கிறான்.