தமிழ் வேண்டுதலில் பாவ அறிக்கை

ஆரியங்கோடு நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைப்புறச் சிற்றூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது, விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆகவே, ஒரே வீட்டில் பாட்டி தமிழில் வேண்டுவதும் பேரன் மலையாளத்தில் வேண்டுவதும் இப்பக்கத்தார்க்குப் புதுமையன்று. எம் பாட்டியாரின் இரவு வேண்டுதலில் முதலில் துதி வரும். அடுத்துப் பாவ அறிக்கை. அதன் பின்னரே விண்ணப்பம். அறிக்கை வருமிடத்தில் அவர் குரல் தாழும். பாவியென்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட மாட்டார். அயல்வீட்டாரோடு வேலியைப் பற்றிப் பேசிய கடுஞ்சொல்லை, இன்ன நாள் இன்னாரிடம் என்று எடுத்துச் சொல்லுவார். பெரியவர்களும் தவறு செய்வார்களோ என்று சிறுவராகிய நாம் திகைத்ததுண்டு. பின்னாளில் தமிழ்க் கிறித்தவ நூல்களைப் பயிலுங்கால் அக்குரலைத் தேடும் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை.

தேடல் தொடங்கவேண்டிய இடம் இந்நாட்டிலேயே இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய இரண்டே ஆண்டுகளில், 1580இல், கொச்சியில் அச்சான தமிழ்நூல் 'கொம்பெசியொனாயரு'. முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளார் ஆக்கியது. பாவத்தை அறிக்கையிட ஆயத்தம் செய்வோர்க்கு வழிகாட்டுவது. தமிழில் அச்சேறிய முதற் சில நூல்களுள் ஒன்று பாவ அறிக்கை பற்றியது என்பது எண்ணத்தக்கது. பெயரோ போர்ச்சுகீசியச் சொல்லைத் தமிழெழுத்தில் உடுத்திக்கொண்டது. அதன் இனமான 'கும்பசாரம்' மலையாளத்தில் இன்றும் வாழ்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் பின்னர்ப் 'பாவசங்கீர்த்தனம்' என்றனர். சீர்திருத்தச் சபையார் 'பாவ அறிக்கை' என்றனர். சங்கீர்த்தனம் என்பது உரக்கப் புகழ்தலையும் எடுத்தோதுதலையும் குறிக்கும் சொல். அகுஸ்தீனார் கி.பி. 400ஐ ஒட்டித் தம் நூலுக்கு இட்ட இலத்தீன் பெயரும் புகழ்தல், ஒப்புக்கொள்ளல் என்னும் இருபொருளும் தாங்குவதே. இப்பொருத்தம் தற்செயலாக நேர்ந்ததாயினும் பொருத்தம் பொருத்தமே!

இவ்வகைக் கையேடுகள் பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா என்று வினவுவன. இலக்கியச் சுவை நாடுவோர்க்கு அவை வறண்ட நிலமே. ஆயினும் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் விடை இன்னதென்று சொல்லித்தானே ஆகவேண்டும்?

மூன்று நூற்றாண்டு கடந்து 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிக'த்தில் நாம் கேட்பது வேறு குரல். வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் கதையைக் காப்பியமாக்கினார். முதுகில் சுமையோடு புறப்பட்ட யாத்திரிகன் சிலுவையடியில் சுமை நீங்கப் பெறுகிறான். இடையிடையே வரும் தேவாரங்களில் உள்ளம் உருகாதார் கல்நெஞ்சரே. தமிழ்ப் பத்திமரபு முழுவதும் அங்கே கிறித்துவின் அடியில் வந்து விழுகிறது. நாயேன், அடியேன் என்று அடியார் தம்மைத் தாழ்த்திக்கொண்ட பணிவெல்லாம் அங்கே உண்டு. எனினும் ஒரு குறை நமக்குத் தோன்றுகிறது. பாவி நான் என்னும் ஓலம் ஒலிக்கும் அளவுக்கு, செய்த பாவம் இன்னதென்னும் சொல் அங்கு ஒலிக்கவில்லை. சுமையின் பாரம் தெரிகிறது. மூட்டைக்குள் இருப்பது தெரியவில்லை.

இது தமிழின் இயல்பு என்று சிலர் அமைதி கூறுவர். நாம் உடன்படோம். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், தாம் சூதாடியதையும் களவு செய்ததையும் தீயோரோடு கூடித் திரிந்ததையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கிருஷ்ண பிள்ளையின் முன்னோர் ஓதி வந்த பாசுரமன்றோ அது! வழி இருந்தது, அவ்வழி அவர் மிகுதியும் செல்லவில்லை. காப்பியத் தலைவன் எல்லார்க்கும் பொதுவான ஆன்மாவாக நிற்கவேண்டியிருந்தமையால் தனியொருவனின் குற்றத்தை அவன்மேல் ஏற்ற இயலவில்லை போலும்.

ஆலயத்தில் சபையார் கூடிச் சொல்லும் பொது அறிக்கையிலும் இச்சிக்கல் உண்டு. செய்த தீமையும் செய்யாது விட்ட நன்மையும் அதில் அடங்கும். ஆனால் சொல்லுவது 'நாங்கள்'. இக்கட்டுரையையும் 'நாம்' என்றே எழுதி வருகிறோம். அச்சொல்லின் நிழல் எத்துணைக் குளிர்ச்சியானது என்பதை அறிவோம். நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணி புரியும் நமக்கு விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணைகளும் அவற்றுக்கு எழுதப்படும் விடைகளும் அன்றாடக் காட்சி. பணிமிகுதியால் காலம் தாழ்ந்தது. கோப்பு வேறு பிரிவில் இருந்தது. இனி இவ்வாறு நேராது. நாமே எழுதியிருக்கிறோம். 'தவறு என்னுடையது' என்று வந்த விடை ஒன்றையும் இதுகாறும் கண்டதில்லை.

லூக்காவின் நற்செய்தியில் அடுத்தடுத்த இரு அதிகாரங்களில் இரண்டு வரிதண்டுவோர் வருகின்றனர். பதினெட்டாம் அதிகாரத்து ஆயக்காரன் இயேசு சொன்ன உவமையில் வருபவன். மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் மட்டுமே கேட்கிறான், எதையும் பட்டியலிடவில்லை, நீதிமானாக வீடு திரும்புகிறான். பத்தொன்பதாம் அதிகாரத்துச் சகேயுவோ, அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருவதாகக் கணக்குச் சொல்லுகிறான். முன்னவனைத் தமிழ்க் கிறித்தவக் கவிஞர்கள் பாடித் தீர்த்துவிட்டனர். பின்னவனுக்கு அத்தகைய பெருங்கவி இன்னும் வாய்க்கவில்லை என்பது நம் கருத்து. முதல்வனுடைய வேண்டுதல் கண்ணீரோடு நிற்கலாம். இரண்டாமவனுடையது பணப்பையைத் திறந்தாக வேண்டும்.

எம் பிள்ளைகள் மலையாளத்தில் அறிக்கை சொல்லுகின்றனர். 'ஏற்றுபறயுக' என்பது அவர்கள் சொல்: ஏற்றுக்கொண்டு சொல்லுதல். நல்ல சொல்லே, அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் மனப்பாடமாக அவர்கள் ஓதும் வேகத்தில் எந்தச் சொல்லும் தொண்டையில் சிக்குவதாகத் தெரியவில்லை. எம் பாட்டியாருக்குச் சிக்கியது. வேலியைப் பற்றிய அந்த அறிக்கையை அவர் ஓரிரவோடு விடவில்லை. நாலைந்து இரவுகள் திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னொரு காலையில் எம் தந்தையாரை அழைத்து, அயல்வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்தி, வேலியைப் பிடுங்கி ஒரு முழம் நம் பக்கம் தள்ளி நடச் சொன்னார். அன்றிரவு வேண்டுதலில் வேலி வரவில்லை.