பாதி சுரண்டிய கம்பி

வீட்டில் குட்டி மோட்டார் செய்தவர்கள் பெரும்பாலும் அது சுற்றியதும் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். உண்மையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரமே அதுதான். சுற்றுகிறது என்பது பாதி அழகு. நியாயப்படி நின்றுபோக வேண்டியது எப்படி நிற்காமல் சுற்றுகிறது என்று புரிவது மீதி அழகு.

என்னென்ன வேண்டும்?

பெரிய டார்ச் செல் ஒன்று (1.5 வோல்ட்), பெரிய ஊக்கு இரண்டு, ஒரு ரப்பர் பேண்ட், தட்டையான வட்டக் காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி இரண்டு மீட்டர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டால் துண்டுக் கம்பி கிடைக்கும். மார்க்கர் பேனாவில் 10, 12 சுற்று சுற்றிக் கழற்றி, இரு முனைகளையும் எதிரெதிராக நீட்டிவிடுங்கள். இப்படி இரண்டு சுருள் வேண்டும். செல்லின் இரு பக்கமும் ஊக்குகளை நிறுத்தி ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். செல்லின் முதுகில் காந்தத்தை வையுங்கள். ஊக்குகளின் துளைகளில் சுருளின் முனைகள் உட்கார வேண்டும்.

முதலில் தோற்க விடுங்கள்

முதல் சுருளின் இரு முனைகளிலும் எனாமலை முழுதாகச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். துள்ளும், முன்னும் பின்னும் ஆடும், பெரும்பாலும் அடங்கிவிடும். அவசரப்படாமல் அந்த ஆட்டத்தைக் கவனியுங்கள். சுருளின் மேல்பக்கக் கம்பியில் மின்னோட்டம் ஒரு திசையில் போகிறது, கீழ்ப்பக்கத்தில் எதிர்த்திசையில். அதனால் காந்தம் ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ள, சுருள் திரும்புகிறது. அரைச் சுற்று திரும்பியதும் மேலிருந்தது கீழே வந்துவிடுகிறது. இப்போது அதே விசை சுருளை வந்த வழியே திருப்பி இழுக்கிறது. ஏற்றிவிட்ட கையே இறக்கியும் விடுகிறது.

பிறகு பாதி

இரண்டாவது சுருளை மேசை விளிம்பில் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு முனையை முழுதாகச் சுரண்டுங்கள். மறுமுனையில் மேல்பாதியை மட்டும் சுரண்டி, அடிப்பாதி எனாமலை அப்படியே விடுங்கள். மாட்டி, விரலால் லேசாகத் தட்டுங்கள். சுற்றும். இழுத்து நிறுத்தக்கூடிய பாதியில் எனாமல் மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் சுருளைத் தள்ள யாரும் இல்லை, முன்பு வாங்கிய வேகத்திலேயே கடக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது திரும்பி வரும்போது கையை எடுத்துக்கொள்வதில்லையா, அதுபோல. கைபேசியின் ஸ்லோ மோஷனில் படமெடுத்துப் பாருங்கள், ஒரு தள்ளல், ஒரு மிதப்பு என்ற தாளம் கண்ணுக்குப் பிடிபடும்.

சுருள் நின்றுபோனால் உடனே எடுத்துவிடுங்கள், கம்பியும் செல்லும் சூடாகும். சின்னக் காந்தங்கள் குழந்தைகளின் வாய்க்கு எட்டக் கூடாது.

1821 செப்டம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் பாயும் கம்பியைப் பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தைச் சுற்றிவர வைத்தார். அவருடைய கம்பி காந்தத்தின் ஒரு முனையை மட்டுமே வலம் வந்தது, ஆகவே விசை அதை வந்த வழியே திருப்பி இழுக்கவே இல்லை. சுருளாகச் சுற்றியதும் நமக்கு அந்தச் சிக்கல் வந்தது. அதைத் தீர்க்கப் பாதி எனாமல் போதுமாயிற்று.

திருப்பித் திருப்பிப் பாருங்கள்

காந்தத்தைக் கவிழ்த்து வையுங்கள். சுருள் இப்போது எதிர்ப்பக்கமாகத் தட்டினால்தான் ஓடும். காந்தத்தைப் பழையபடி வைத்துச் செல்லைத் தலைமாற்றிப் போடுங்கள். அப்போதும் எதிர்ப்பக்கம்தான். இப்போது செல்லை அப்படியே விட்டு, காந்தத்தையும் கவிழ்த்து வையுங்கள். சுருள் பழைய திசைக்கே வந்துவிடும்! எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் நிறைகிறது.

ஏனென்றால் சமையலறையில் மிக்சி ஓடுவதன் சூட்சுமம் இதுதான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. ஆனாலும் பிளேடு ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. வழக்கமான மிக்சியில் நிலைக்காந்தம் கிடையாது. காந்தமாக வேலை செய்யும் காயிலிலும் சுழலும் ஆர்மேச்சரிலும் ஒரே மின்சாரம் பாய்கிறது. காந்தமும் மின்னோட்டமும் சேர்ந்தே தலைமாறுவதால் திசை மாறுவதில்லை.

ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு, சட்னி அரைபடும்போது மிக்சியின் காற்றுத் துளைகளைத் தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலான மிக்சிகளில் உள்ளே நீலப் பொறி மின்னும். ஆர்மேச்சரின் செம்புத் துண்டுகளை, மின்சாரம் கொண்டுவரும் கார்பன் கட்டை தொட்டுத் தொட்டு விடுகிற இடம் அது. நீங்கள் சுரண்டாமல் விட்ட அந்தப் பாதியைப் போலவே, விசை திருப்பி இழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான் அங்கே நடந்துகொண்டிருக்கிறது.