‘வெண்பா’வும் விமர்சகர் அளவுகோலும்

கதை சார்ந்த கணினி விளையாட்டுக்களை மதிப்பிடுவோர் அவற்றின் நீளத்தையும் ஆடுவோருக்குள்ள தெரிவுச் சுதந்திரத்தையும் முதன்மை அளவுகோல்களாகக் கொள்வது வழக்கம். ரொறன்ரோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வெண்பா’ இவ்வளவுகோல்களின் போதாமையைப் புலப்படுத்துகின்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரும் அவர்தம் மகன் கவினுமே இதன் மாந்தர். வெண்பாவின் தாயுடைய சமையற் குறிப்பேட்டிற் சிதைந்துபோன பகுதிகளை ஊகித்து உணவு ஆக்குவதே ஆட்டம்.

2024இல் பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்ற இதனை விமர்சகர் பலர் பாராட்டினர். எனினும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிவதையும் புதிர்களின் எளிமையையும் குறையெனக் கொண்டோரும் உளர். அவர்தம் முடிபு ஏற்புடையதன்று. புட்டு அவிக்கத் தெரிந்த யாழ்ப்பாணத்தவருக்குக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் இடும் முறை புதிராகாது. தமிழ்க் குறிப்பை வாசிக்கத் தடுமாறும் கவினுக்கோ அது பெரும் புதிர். புதிரின் கடினம் மொழியிழப்பின் அளவைப் பொறுத்தது. மகன் விலகிச் செல்வதை ஆடுவோர் தம் தெரிவால் தடுக்க இயலாமையும் இப்பொருளுக்கு இயைந்ததே எனலாம்.

1983இன் பின்னர் நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரும் ரொறன்ரோவே. ஆயினும், இக்குடும்பத்தின் கதை போரினாற் பெயர்ந்தோரின் கதையன்று. அக்கதையை இவ்வடிவில் ஆக்கும் கடன் நம்மவரையே சாரும் எனக் கருதுகின்றோம்.